பளபளக்கும் எம்20: எது பிறவிச் சாமான், எது பட்டாளத்துச் சாமான், எது நம்ம ஊர் லேத்துச் சாமான்

வண்டி பி.எஸ்.ஏ. எம்20 என்ற பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மிங்காம் ஸ்மால் ஹீத் ஆலையிலிருந்து ராணுவத்துக்காகச் சுமார் 1,26,000 வண்டிகள் இறங்கிய மாடல். 496 சிசி, சைடு வால்வு என்ஜின், 13 குதிரைசக்தி, முன்னால் கர்டர் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரும்புச் சட்டம்), பின்னால் ஸ்பிரிங் என்று பேருக்குக்கூட எதுவும் இல்லாத ரிஜிட் பிரேம். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்டவை டிஸ்போசலில் போய், ஊர் ஊராகப் பரவின. கால் நூற்றாண்டு உழைத்து, அப்புறம் மாட்டுக்கொட்டகையில் நின்று, பிறகு காயலான் கடைக்குப் போனவைதான் அதிகம். தப்பியவற்றைத்தான் இப்போது தேடித் தேடிப் பெயின்ட் அடிக்கிறார்கள்.

இந்த வண்டியை வாங்கியவர் கம்மவான்பேட்டைக்காரர், ஓய்வுபெற்ற சுபேதார். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் என்று பேர் வாங்கிய ஊர் அது. வெளியூரில் ரீஸ்டோர் செய்து விற்ற ஆள் அவரிடம் சொன்னது: "எல்லாம் ஒரிஜினல் சார், மேட்சிங் நம்பர்." அந்த இரண்டாவது பாதிதான் எனக்கு உறுத்தியது. ஏன் என்று நம்பர் பார்த்த இடத்தில் சொல்கிறேன்.

சுபேதாருக்கு விண்டேஜ் பதிவு வேண்டும். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. புது எண்ணில் மாநில எழுத்துக்குப் பின்னால் வி.ஏ. என்று வரும், ஏற்கெனவே பதிவெண் இருக்கிற வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றுதான் கடுமை: சேசிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். பரிசோதிக்க ஒரு கமிட்டியும் உண்டு.

"தம்பி, அவங்க முன்னாடி வண்டிய நிறுத்தினா இது ஒரிஜினலா, அது ஒரிஜினலான்னு கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்றது?" என்றார் சுபேதார்.

நான் ராணிப்பேட்டை பெல் ஆலையின் டூல் ரூமில் காலத்தைக் கழித்தவன். அளப்பது, திருகு மரை பார்ப்பது, உலோகத்தை உரசிப் பார்ப்பது எனக்கு வரும். கழற்றி மாட்டுவதற்கு வேலூர் சைதாப்பேட்டையிலிருந்து பாய் வந்தார். புல்லட் வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. எம்20 அவருக்கும் அபூர்வம்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், "பெயின்ட்டு சும்மா கண்ணாடி மாதிரி கீது சார். இதுக்கு மேல இன்னா பாக்கணும்?" என்றார். அந்தப் பளபளப்புதான் சிக்கலே. ராணுவ வண்டிக்கு மின்னாத மேட் பூச்சுதான் அடிப்பார்கள். வெளிச்சம் பட்டு எதிரி கண்ணுக்குத் தெரியக்கூடாது. இதில் காருக்கு அடிக்கிற டூ-கே பெயின்ட்டை அடித்து, மேலே லேக்கரும் ஓட்டியிருந்தார்கள்.

ஆகவே பெயின்ட் ஏறிய முகங்களை விட்டுவிட்டு, ஏறாத முகங்களை மட்டும் பார்ப்பது என்று முடிவு. கையில் எடுத்தது: மரை கேஜ் (அங்குலம் ஒன்று, மில்லிமீட்டர் ஒன்று), வெர்னியர், டெப்த் கேஜ், பத்து மடங்கு லென்ஸ், சின்னக் காந்தம், டார்ச், பழைய ஸ்மூத் அரம், தின்னர், பஞ்சு. ஒவ்வொரு சாமானிலும் ஒரு அட்டை கட்டினோம். ஆலையில் அதே வண்டிக்கோ, அதே காலத்து எம்20-க்கோ செய்தது என்றால் 'பிறவி'. ராணுவ ஒர்க்‌ஷாப்பில் மாற்றியது என்று தோன்றினால் 'பட்டாளம்'. ஊர் வாழ்க்கையில் ஒட்டிக்கொண்டது 'ஊர்'. ரீஸ்டோர் செய்தபோது புதிதாகப் பிறந்தது 'நகல்'.

இரண்டாவது அட்டையைப் பலர் யோசிப்பதே இல்லை. ராணுவ வண்டி ஒருவரே வாங்கி, ஒருவரே ஓட்டி, ஒரே மெக்கானிக்கிடம் போன வண்டி கிடையாது. பெரிய ஒர்க்‌ஷாப்பில் பத்து வண்டியைப் பிரித்துப் போட்டு, நல்ல என்ஜின் எதுவோ அது, நல்ல ஃபோர்க் எதுவோ அது என்று சேர்த்து ஓட்டுவார்கள். இந்திய ராணுவத்துக்கு இந்த வேலைக்கென்றே 1943-இல் தனிப் படைப்பிரிவு வந்தது, இன்றைய ஈ.எம்.இ. அதன் வழிவந்ததுதான். அந்த ஒர்க்‌ஷாப் மாற்றியதும் வண்டியின் சரித்திரத்தில் சேர்த்திதான் என்பது என் கட்சி. சேகரிப்பாளர்களில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

முதலில் நம்பர். பிரேம் நம்பர் ஹெட் ஸ்டாக் (ஹேண்டில் திரும்பும் கழுத்து) பக்கம். என்ஜின் நம்பர் கிராங்க் கேஸில், சிலிண்டர் உட்காருகிற விளிம்புக்குக் கீழே. போர்க்கால எம்20-இல் இரண்டும் டபிள்யூ.எம்.20 என்று ஆரம்பிக்கும். பிரேம் நம்பர் பெயின்ட்டுக்கு அடியிலும் தெளிவாகத் தெரிந்தது. கிராங்க் கேஸ் முழுக்கச் சில்வர் பெயின்ட். அலுமினியத்துக்கு எதற்கு அலுமினியப் பெயின்ட் என்று தெரியவில்லை, ஆனால் நம்பரை மூட நன்றாக உதவியிருக்கிறது. தின்னரில் நனைத்த பஞ்சை ஒட்டிவைத்து, ஊறவிட்டுத் துடைத்தோம். நம்பர் மேல் கம்பி பிரஷ், எமரி, எதுவும் படக்கூடாது. அழிந்தது அழிந்ததுதான், ஆர்டிஓ ஆபீசில் அப்புறம் எந்தக் கதையும் எடுபடாது.

நம்பர் வெளியே வந்தது. டபிள்யூ.எம்.20 சரி, ஆனால் பின்னால் வரும் எண் பிரேமோடு பொருந்தவில்லை. சுபேதார் முகம் விழுந்துவிட்டது. "ஏமாத்திட்டானா?" என்றார்.

ஏமாற்றியது வாயால் மட்டும்தான். பி.எஸ்.ஏ.வில் அந்தக் காலத்தில் பிரேமுக்கும் என்ஜினுக்கும் தனித்தனி வரிசை. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்கிற வழக்கமே இல்லை. எம்20-ஐ 'மேட்சிங் நம்பர்' என்று ஒருவர் விற்றால், ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது யாரோ எண் பொறிக்கிற பஞ்ச் கருவியை வைத்துச் சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. எண்கள் வேறாக இருந்ததைப் பார்த்து நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

நிம்மதியோடு விடாமல் லென்ஸில் பார்த்தேன். மணல் அச்சில் வார்த்த கேஸ் என்றால் நம்பர் இருக்கிற பரப்பைச் சுற்றிலும் பொரிப்பொரியாக இருக்கும். யாராவது பழைய நம்பரை அரைத்திருந்தால் அந்த இடம் மட்டும் வழவழவென்று குழிந்து தெரியும். நேர்ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் அடியில் வெளிச்சம் ஒழுகும். இங்கே ஒழுகவில்லை. எழுத்துக்களின் ஓரத்தில் பஞ்ச் அடித்ததில் எழும்பிய மேடு, எண்பது வருஷ எண்ணெயிலும் துடைப்பிலும் தேய்ந்து மழுங்கியிருந்தது. புதுப் பஞ்ச் என்றால் விரல் நுனியில் குத்தும். ஆர்சி புத்தகத்தில் இருந்த இரண்டு எண்களும் வண்டியில் இருந்தவையே. மங்கிய முத்திரையில் 'வட ஆற்காடு' மட்டும் படிக்க முடிந்தது. 1989-இல் திருவண்ணாமலையைப் பிரித்த பிறகு வந்தவர்களுக்கு அந்த மாவட்டம் எவ்வளவு பெரியது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். தயாரிப்பு வருஷம் என்ற இடத்தில் 1949 என்று எழுதியிருந்தது, டபிள்யூ.எம்.20 வண்டி 1949-இல் பிறந்திருக்க முடியாது. டிஸ்போசலில் எடுத்துப் பதிந்த வருஷத்தையே பிறந்த வருஷமாக எழுதிவிட்டார்கள். விண்டேஜ் விதி முதல் பதிவிலிருந்துதான் எண்ணுகிறது என்பதால் இதனால் கெடுதல் இல்லை.

நம்பர் சரியாக இருந்தாலும் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கணும். எம்20-க்கு அண்ணன் ஒருத்தன் உண்டு: எம்21. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 82 மி.மீ. இரண்டுக்கும் ஒன்று, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) மட்டும் 94-க்குப் பதில் 112, அதனால் 591 சிசி. வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று பிடிபடாது. சைடு வால்வில் வால்வுகள் ஹெட்டில் இல்லை, சிலிண்டர் பக்கத்தில் என்பதால் ஹெட்டைக் கழற்றுவது பாய்க்கு டீ குடிக்கிற நேர வேலை. பிஸ்டனை மேலே நிறுத்தி டெப்த் கேஜில் ஒரு அளவு, கீழே இறக்கி ஒரு அளவு. கழித்தால் 94. சிலிண்டர் போர் ஓவர்சைஸுக்குப் போயிருந்தது, அது தேய்மானக் கணக்கு. என்ஜினுக்கு 'பிறவி அல்லது பட்டாளம்' என்று அட்டை. இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல எந்தக் கேஜும் இல்லை.

அடுத்தது மரை. ரீஸ்டோர் செய்கிறவர்கள் பெயின்ட், குரோம், டிரான்ஸ்பர் எல்லாம் கவனிப்பார்கள். போல்ட்டை மட்டும் கையில் கிடைத்ததைப் போட்டு முறுக்கிவிடுவார்கள். பிரிட்டிஷ் வண்டியின் சேசிஸில் பெரும்பாலும் சைக்கிள் திரெட்டு: அங்குலத்துக்கு 26 மரை, கோணம் 60 டிகிரி. பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஃபைன் மரை) என்றால் கோணம் 55; 5/16-க்கு 22 மரை, 3/8-க்கு 20. மெட்ரிக்கில் 8 மி.மீ. போல்ட்டுக்கு சாதாரண பிட்ச் (மரைக்கு மரை தூரம்) 1.25.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 25.4-ஐ 26-ஆல் வகுத்தால் 0.977 மி.மீ. வரும். ஆகவே 1 மி.மீ. பிட்ச் கேஜ் இலையை சைக்கிள் திரெட்டில் வைத்தால், நாலைந்து மரைக்கு அப்படியே உட்கார்ந்த மாதிரி இருக்கும். பத்து மரைக்கு நீட்டிப் பார்த்தால்தான் 0.23 மி.மீ. விலகல் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கடைசிப் பல் மேலேறி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மெட்ரிக் ஃபைன் போல்ட்டை 26 மரை நட்டில் இரண்டு சுற்று விட்டு, "டைட்டா இருக்கே, நல்லா பிடிக்கும்" என்று ஸ்பானரில் இழுத்தால், நட்டு மரை கூழாகிவிடும். இந்த வண்டியில் டூல்பாக்ஸ் பிராக்கெட்டிலும், பின் மட்கார்டு ஸ்டேயிலும் அந்தக் கூழைப் பார்த்தோம்.

போல்ட் தலையும் பேசும். 8.8 என்று பொறித்திருந்தால் அது மெட்ரிக் வலிமைக் குறி. போர்க்கால ஆலை அதைக் கண்டதில்லை. தலையின் அகலமும் காட்டிக்கொடுக்கும். 1/4 விட்வொர்த் ஸ்பானரின் வாய் 13.3 மி.மீ.; நம்மூரில் அது இல்லாததால் 13 நுழையாமல் 14-ஐப் போட்டு வழுக்க வழுக்கத் திருப்பியிருப்பார்கள். அதனால் மூலை மழுங்கிய அசிங்கமான போல்ட்டைப் பார்த்தால் நான் முதலில் மரியாதை கொடுத்துப் பார்ப்பேன். கூர்மூலையோடு நீலம் பாய்ந்த ஜிங்க் பூச்சில் மின்னுவது நேற்றைக்கு வந்தது. பழையவற்றில் மங்கிய சாம்பல் நிறத்தில் தெரிவது கேட்மியமாக இருக்கலாம். அதை எமரி போட்டுத் தேய்க்காதீர்கள், தூள் நுரையீரலுக்கு விஷம். பாய் ஏற்கெனவே ஒன்றை அரத்தில் வைத்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

என்ஜின் பிளேட் போல்ட்டுகள், கியர்பாக்ஸ் ஸ்டட், பிரேக் ராடு முனைகள் எல்லாம் பழைய மரை. ஃபுட்ரெஸ்ட், கேரியர், ஹெட்லைட் பிராக்கெட், மட்கார்டு முழுக்க மெட்ரிக். கண்ணால் பார்த்து எழுதியிருந்தால் இந்தப் பிரிவு கிடைத்திருக்காது. வெளியே எல்லாம் ஒரே பச்சை.

பெயின்ட் அடுக்கு பார்க்கிற வேலையில்தான் அதிகம் உட்கார்ந்தேன், கத்திரி வெயிலுக்கு முன்பான காலை நேரங்களில். ரீஸ்டோர் செய்தபோது பிரேமை சாண்ட் பிளாஸ்ட் செய்துவிட்டார்கள், வெளியே தடயம் போச்சு. ஆனால் மணல் போகாத இடங்கள் உண்டு. டூல்பாக்ஸின் உள்மூலை, டைனமோ ஸ்டிராப்புக்கு அடி, சீட் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், என்ஜின் பிளேட் பிரேமோடு ஒட்டும் முகம். அங்கே தண்ணீர் தொட்டு 800 எமரியால் சின்ன வட்டமாகத் தேய்த்து, 1500-ஆல் முடித்தால், அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகத் தெரியும்.

ராணுவத்தின் நிறங்களுக்குக் காலம் உண்டு. போரின் தொடக்க வருஷங்களில் காக்கி கிரீன் 3. 1942 வாக்கில் எஸ்.சி.சி.2 என்ற பழுப்பு. 1944-இலிருந்து எஸ்.சி.சி.15, அதாவது ஆலிவ் டிராப். டூல்பாக்ஸில் கிடைத்தது: அடியில் பச்சை, மேலே பழுப்பு, அதற்கு மேல் கறுப்பு இரண்டு கோட், கடைசியில் இன்றைய பளபளப்பு. ஆலிவ் கிடையாது. டூல்பாக்ஸ் தன் கதையைத்தான் சொல்லும், வண்டியின் கதையை அல்ல. வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருக்கலாம். ஆகவே என்ஜின் பிளேட்டின் உள்முகத்திலும் பார்த்தேன். அங்கேயும் பச்சை, பழுப்பு, கறுப்பு. இரண்டு இடத்திலும் ஒரே வரிசை என்றதும் எனக்கு நம்பிக்கை வந்தது. இந்த வண்டி 1942-க்கு முன்போ அதை ஒட்டியோ பச்சையில் பிறந்து, பழுப்புக்கு மாறி, ஆலிவ் பூசப்படாமலே கழிக்கப்பட்டு, கறுப்புச் சட்டை போட்டு ஊருக்குள் வந்தது.

இப்போது அடித்திருப்பதோ ஆலிவ். டேங்கில் வெள்ளை நட்சத்திரம் வேறு. ஐரோப்பாவில் இறங்கிய நேசநாட்டுப் படை வண்டிகளின் அடையாளம் அது; இந்தப் பிரேமின் அடுக்குகளில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. டேங்க் பக்கவாட்டில் சி என்ற எழுத்தும் ஏழு இலக்கமும் வெள்ளையில். ராணுவம் மோட்டார்சைக்கிளுக்கு அப்படித்தான் சென்சஸ் எண் (ராணுவத்தின் வண்டிப் பதிவெண்) எழுதும் என்பது உண்மை. இந்த ஏழு இலக்கத்துக்கு ஆர்சியிலோ, பழைய அடுக்கிலோ துளி ஆதாரம் இல்லை. பெயின்டர் கற்பனை. எண்ணை அழித்துவிடச் சொன்னேன். ஆதாரமில்லாத எண் ஒரு வண்டியின் மேல் இருப்பது எனக்குப் பிடிக்காது. நட்சத்திரத்தில் மட்டும் சுபேதார் பிடி கொடுக்கவில்லை. "பேத்திக்குப் புடிச்சிருக்கு தம்பி."

டேங்கைப் பற்றி இரண்டு வார்த்தை. எம்20 டேங்க் கொள்ளளவு மூன்று காலன், சுமார் 13.6 லிட்டர். பெட்ரோல் முழுக்க வடித்து, லிட்டர் அளவையால் ஊற்றிப் பார்த்தோம். கணிசமாகக் குறைந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் அடித்தகடு முழுக்கப் புதுசு. மிக் வெல்டிங் மணிகள் வரிசையாகத் தெரிந்தன. துருப்பிடித்த அடியை வெட்டிவிட்டுத் தட்டையான தகடு வைத்திருக்கிறார்கள், அதில்தான் கொள்ளளவு போயிருக்கிறது. மேல்பாதி பழசுதான். பக்கவாட்டில் காந்தத்தை நகர்த்தினால் இரண்டு இடத்தில் பிடி தளர்ந்தது. பட்டி. சுரண்டினால் முழங்கால் ரப்பர் மாட்டுகிற திருகு ஓட்டைகள்.

இது சின்ன விஷயம் இல்லை. 1942 தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போனதும் பிரிட்டனுக்கு ரப்பர் தட்டுப்பாடு. அதற்குப் பிறகு வந்த ராணுவ வண்டிகளில் ஹேண்டில் பிடிக்கு ரப்பருக்குப் பதில் கேன்வாஸ், ஃபுட்ரெஸ்ட்டுக்கு ரப்பர் இல்லாத வெறும் இரும்பு. ரீஸ்டோர் செய்தவர் எங்கோ பின்வந்த வண்டியின் படத்தைப் பார்த்து, கேன்வாஸ் பிடி தைத்துப் போட்டு, முழங்கால் ரப்பர் ஓட்டையைப் பட்டி போட்டு அடைத்துவிட்டார். அடியில் பச்சை நிறம், டேங்கில் ரப்பர் மாட்டிய ஓட்டை. இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. கேன்வாஸ் அழகாகத்தான் இருக்கிறது. இந்த வண்டிக்கு அல்ல.

மின்சாமான்களில் லூகாஸ் கம்பெனி செய்த உபகாரம் பெரியது. பல சாமான்களில் மாதத்தையும் வருஷத்தையும் பஞ்ச் செய்துவிடுவார்கள். மேக்னெட்டோவும் டைனமோவும் சேர்ந்த மேக்டைனோவின் உடம்பில் 41 என்ற வருஷம் இருந்தது. மேலே உட்கார்ந்திருந்த டைனமோவோ ஈ3எல். போருக்குப் பின் வந்த ரகம், போர்க்கால எம்20-க்கு ஈ3எச்எம் வர வேண்டும். வெளிச்சம் போதவில்லை என்று ஐம்பதுகளில் யாரோ மாற்றியிருக்கலாம். 'ஊர்' அட்டை. இதை மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். ஓடுகிறது, அந்தக் காலத்துப் பொருள், போல்ட் இரண்டு கழற்றினால் திரும்பவும் மாற்றிக்கொள்ளலாம். ஹெட்லைட் கூடு மெல்லிய தகட்டில் அடித்த நகல், உள்ளே எந்தக் குறியும் இல்லை. ஹார்ன் புல்லட்டுடையது.

ஸ்பீடோமீட்டருக்குக் கருவியே தேவைப்படவில்லை. அந்தக் காலத்து ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் மீட்டரில் முள் வழுக்கிக்கொண்டு போகாது. தட்டித் தட்டி ஏறும். பாய் பின்சீட்டில் ஏற, சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஒரு ஓட்டம். முள் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிப் போயிற்று. டயலில் ஸ்மித்ஸ் என்று அச்சு, உள்ளே காந்த மீட்டர். நகல்.

கார்புரேட்டர் ஆமல் 276, ஃப்ளோட் சேம்பர் தனி, பழசு. டயர் 3.25-19, புல்லட்டுக்கும் அதே அளவு என்பதால் நம்மூர் டயர். சீட் மேல்தோல் மேல்விஷாரத் தோல், நான் வாசனை பிடித்தே சொல்லிவிட்டேன். அடியில் ஸ்பிரிங் பழசு. தேய்ந்து மாற்றுகிற சாமான்களில் ஒரிஜினல் தேடுவது வீண் வேலை.

கர்டர் ஃபோர்க்கில்தான் வேலை உண்மையாக இழுத்தது. ஃபோர்ஜிங்கில் 66 என்று ஆரம்பிக்கிற எண் தெரிந்தது. எம்20 சாமான்களுக்கு அந்த வரிசைதான். (ஃபோர்ஜிங்கில் இருக்கிற எண்ணும் பாகப் பட்டியலில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; கடையாத துண்டுக்கு ஒரு எண், கடைந்து முடித்ததற்கு இன்னொரு எண்.) இணைப்புத் தகடுகள் பழசு. ஆனால் அவற்றைக் கோக்கும் அச்சுத் தண்டுகளான ஸ்பிண்டில்களில் ஒன்று மட்டும் தலை வித்தியாசமாக இருந்தது. வெளியே எடுத்து மற்றதோடு பக்கத்தில் வைத்தேன். முனை மரை மெட்ரிக். அரத்தை மெதுவாக ஓட்டினால், பழைய ஸ்பிண்டிலில் அரம் கண்ணாடியில் போவது போல வழுக்கியது. மேல்தோல் கடினம் ஏற்றியது. இதில் அரம் கடித்து இழுத்தது. வெறும் மைல்டு ஸ்டீல். லென்ஸில் பார்த்தால் புஷ் உரசுகிற இடத்தில் ஏற்கெனவே வரி வரியாகத் தேய்மானம்.

பாய் சொன்னார்: "மத்ததெல்லாம் நகலா இருந்தா போவட்டும் சார். இது கையில ஹேண்டில புடிச்சிக்கினு போறவன் உசுரு." அவர் சொன்னதுதான் சரி. இந்த இடத்தில் ஒரிஜினலா என்ற கேள்விக்கு முன்னால் தாங்குமா என்ற கேள்வி வருகிறது.

பழைய ஸ்பிண்டிலை மாதிரியாக வைத்து, காட்பாடி பக்கம் தெரிந்த லேத்தில் புதுசு கடையக் கொடுத்தோம். அங்கே ஒரு தடை: லேத்தின் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது வெட்டுளியை நகர்த்தும் திருகு) மெட்ரிக். அங்குல மரை வெட்ட வேண்டுமானால் 127 பல் சேஞ்ச் கியர் வேண்டும், 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் வருகிற எண் அது. அதைக் கழற்றிவைத்துவிட்டு மறந்திருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் சிப்ஸ் குவியலில் கிடைத்தது. கேஸ் ஹார்டனிங்குக்கு (மேல்தோலை மட்டும் கடினமாக்குவது) ஏற்ற ஸ்டீலில், புஷ் உட்காரும் இடத்தில் கிரைண்டிங்குக்குக் கொஞ்சம் விட்டுக் கடைந்து, மரை முனைக்குக் கார்பன் ஏறாமல் மூடி, கடினம் ஏற்றி, பிறகு கிரைண்டிங். மரையையும் கடினமாக்கிவிட்டால் முதல் குழியிலேயே முனை ஒடியும். வெண்கலப் புஷ்ஷையும் புதிதாகப் போட்டு ரீம் செய்தோம். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' சத்தம் போய்விட்டது. புது ஸ்பிண்டிலின் முனையில் சின்னதாக வருஷத்தைப் பொறித்துவிட்டேன். நாளை வேறொருவன் லென்ஸோடு வந்தால் பிறவிச் சாமான் என்று குழம்ப வேண்டாம்.

எல்லா அட்டையையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் படம் ஒட்டி, சுபேதாரிடம் கொடுத்தாயிற்று. பிரேம், என்ஜின், கியர்பாக்ஸ், ஃபோர்க், மேக்டைனோ, கார்புரேட்டர் எல்லாம் பிறவி அல்லது பட்டாளம். டைனமோ ஊர். ஹெட்லைட், மீட்டர், பிடி, டேங்கின் அடி, மட்கார்டு நகல். விதி கேட்பது சேசிஸ், பாடி, என்ஜின் மாறக்கூடாது என்பதைத்தான். அந்தக் கணக்கில் வண்டி நிற்கும் என்பது என் எண்ணம். நகல்களை நகல் என்றே கமிட்டியிடம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். சுபேதார் அதற்கு உடனே சம்மதித்தார். பட்டாளத்தில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதியவர், எது எங்கிருந்து வந்தது என்று எழுதுவதில் அவருக்குத் தயக்கமே இல்லை.

மெட்ரிக் போல்ட்டுகளை எடுத்துவிட்டு 26 மரைக்கு மாற்றுகிற வேலை நடந்துகொண்டிருக்கிறது. கூழான நட்டுகளுக்குப் புது நட்டு, பிராக்கெட்டில் மரை போன இடத்துக்கு இன்சர்ட். முழங்கால் ரப்பர் ஓட்டைகளிலிருந்து பட்டியை எடுத்து, டேப் விட்டுச் சுத்தம் செய்தாயிற்று. ரப்பருக்குச் சென்னை புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறோம். பதிவு கிடைத்தாலும் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பராமரிப்புக்கு, அவ்வளவுதான். அதைச் சொன்னதும் சுபேதார் கேட்டது: "பராமரிப்புன்னா, உங்க வீடு வரைக்கும் ஓட்டிட்டு வரலாம்ல?"